உடம்பின் காவல் – 9: செத்த கிருமியும் கொல்லும்

1892-ஆம் ஆண்டு. பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், காலராக் கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றினார். செத்த கிருமி பெருகாது, எதையும் சுரக்காது. ஆனாலும் கினிப் பன்றிகள் மடிந்தன. நஞ்சு கிருமியின் உடலோடு ஒட்டியே இருக்கிறது என்று முடிவு கட்டிய ஃபைஃபர், அதற்கு எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார்.

காலரா, டைஃபாய்டு, ஈ.கோலி போன்ற கிருமிகளின் வெளிச் சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடுதான் அந்தப் பொருள். சுருக்கமாக எல்பிஎஸ். ஆய்வுக்கு முன்வரும் ஆரோக்கியமான மனிதர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 4 நானோகிராம் அளவில் இதைச் செலுத்தினால் போதும். ஓரிரு மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் தலைவலியும் காய்ச்சலும் வந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஒரு மில்லிகிராமில் நான்காயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சொற்பமான பொருள் இத்தனை பாடுபடுத்துவது எப்படி?

விடைக்கான துப்பு ஓர் எலி வகையிடம் இருந்தது. சி3எச்/எச்இஜே என்ற இந்த எலிகள், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எல்பிஎஸ் கொடுத்தாலும் அசைவதில்லை என்பது 1960-களிலேயே தெரியவந்தது. இதற்கிடையே, 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சையை எதிர்க்க முடியாமல் சாவதைக் கண்டது. 1998-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் குழு, பல ஆண்டுத் தேடலுக்குப் பின் அந்த எலிகளின் குறையைப் பிடித்தது. டோலின் உறவுக்காரப் புரதமான டிஎல்ஆர்4-இல், 712-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. பாய்ட்லரும் ஹாஃப்மனும் 2011 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

டிஎல்ஆர்4 நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் நிற்கும் காவல் மணி. எல்பிஎஸ் வந்து பொருந்தியதும் இரண்டு டிஎல்ஆர்4 மூலக்கூறுகள் இணைகின்றன. செய்தி செல்லுக்குள் இறங்குகிறது. அதுவரை கட்டிவைக்கப்பட்டிருந்த என்எஃப்-கப்பா பி என்ற புரதம் விடுபட்டு, உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை முடுக்குகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் என்ற தூதுப் புரதங்கள் வெளியே பாய்கின்றன. அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இடம் சிவந்து சுடுகிறது. குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, வீங்குகிறது. அந்த இடைவெளி வழியே வெள்ளணுக்கள் திசுவுக்குள் இறங்கிக் கிருமிகளை விழுங்குகின்றன. இதுதான் அழற்சி. மூளைக்கு எட்டும் சைட்டோகைன்கள் காய்ச்சலை ஏற்றுகின்றன. ஆக, எல்பிஎஸ் தானாக எந்தச் செல்லையும் அரிப்பதில்லை. கிருமி வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. மற்றதெல்லாம் நம் செல்களின் வேலை.

அப்படியானால் இந்த மணி பழுதான எலிகள் கொடுத்துவைத்தவையா? இல்லை. உயிருள்ள சால்மோனெல்லா கிருமிகளைச் சிறிதளவு செலுத்தினாலே அவை செத்துப்போகின்றன. மற்ற எலிகள் அந்த அளவைச் சமாளித்துவிடும். நஞ்சுக்குத் தப்பிய அதே எலி கிருமிக்கு இரையாகிறது. அழற்சியைப் பற்றி நாம் மறக்கக் கூடாத உண்மை இது: நம்மை வதைக்கும் அதே ஏற்பாடுதான் நம்மைக் காக்கிறது.

விரலில் முள் குத்திய இடத்தில் இந்த அழற்சி நடந்தால் சில நாளில் ஆறிவிடும். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் இது கட்டுப்பாடு தவறினால் அது செப்சிஸ். எங்கும் குழாய்கள் தளர்ந்து கசிய, ரத்த அழுத்தம் சரிகிறது. நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கின்றன. 2017-இல் உலகில் 1.1 கோடிப் பேரின் மரணம் செப்சிஸோடு தொடர்புடையது என்பது மதிப்பீடு.

மணியையே அடைத்துவிட்டால்? டிஎல்ஆர்4-ஐத் தடுக்கும் எரிடோரான் மருந்தை ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013-இல் வெளியான முடிவு, உயிரிழப்பு குறையவில்லை என்றது. நோயாளி தீவிர சிகிச்சைக்கு வரும்போது மணி அடித்து வெகு நேரம் ஆகியிருக்கும். அதனால்தான் இன்றும் நேரமே பெரிய மருந்து. காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால், சிறுநீர் குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சரியான ஆன்டிபயாடிக்கும் டிரிப்ஸும் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

டிஎல்ஆர்4 செல்லின் வெளியே நிற்கும் காவல். அதைக் கடந்து செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும் கிருமியைக் கண்டுபிடிப்பது யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)