உறைக்குள் உறை

மேகக் கணிமைப் பாடத்தில் பிள்ளைகள் திணறும் இடம் ஒன்று உண்டு. தூரத்துக் கட்டடங்களில் இருக்கும் கணினிகள் ஒரே வலையமைப்பில் இருப்பவை போலப் பேசிக்கொள்வது எப்படி?

நான் இரண்டு தபால் உறைகளைக் கொண்டு போவேன். உள்ளுறையில் கணினியின் மேக் முகவரி. வெளியுறையில் அது இணைந்துள்ள ஸ்விட்சின் ஐ.பி. முகவரி. 2014இல் வெளியான விஎக்ஸ்லேன் முறை இதுதான். பழைய வீலேனில் 4,094 பிரிவுகளே. இதில் சுமார் 1.6 கோடி.

வெளியுறை முகவரியை எப்படி அறிவது? முத்தியால்பேட்டையில் தொடங்கி வீடு வீடாக விசாரிப்பது போல முதலில் எல்லா ஸ்விட்சுகளிடமும் கேட்டார்கள். பிறகு, இணையத்துக்கு 1989 முதல் வழி சொல்லிவரும் பிஜிபி நெறிமுறையிடம் அந்தப் பொறுப்பு போனது. காலையிலேயே வகுப்புவாரியாகப் பெயர்ப்பட்டியல் அனுப்புவது போல, ஒவ்வொரு ஸ்விட்சும் தன்னிடமுள்ள முகவரிகளை முன்கூட்டியே அறிவித்துவிடும்.

“சார், ஒருத்தி செக்‌ஷன் மாறினா ரெண்டு பட்டியல்லயும் பேர் இருக்குமே?” என்றாள் ஒரு மாணவி. பாடநூலில் இல்லாத கேள்வி. வடிவமைத்தவர்களும் யோசித்த கேள்வி. மெய்நிகர் கணினிகள் அடிக்கடி இடம் மாறுபவை. மாறும்போதெல்லாம் அறிவிப்பிலுள்ள வரிசை எண் ஒன்று கூடும். பெரிய எண்ணே செல்லும், பழைய ஸ்விட்ச் தன் அறிவிப்பை விலக்கிக்கொள்ளும். 180 வினாடிக்குள் 5 முறை மாறினால், ஒரே முகவரியை இருவர் வைத்திருப்பதாகக் கொண்டு பராமரிப்பாளரை எச்சரிக்கும்.