கசெற்றில் உறைந்த குரல்களும் இலக்கப் பதிவுக் கருவியும்

எம்மவர் வீடுகள் பலவற்றில், அலுமாரியின் அடித்தட்டில், இன்னமும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற்றுகள் கிடக்கின்றன. பாட்டுக் கசெற்றுகளை விட்டுவிடுவோம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் கடிதத்தில் அடங்காது என்று பேசி அனுப்பிய கசெற்றுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பற்றறிக்கும் தடை வந்த பின்னர், மிதிவண்டி டைனமோவின் மின்னோட்டத்திற் பதியப்பட்டவையும் அவற்றுள் உண்டு. பேசியவர்களுட் பலர் இன்று எம்மிடையே இல்லை. நாடாவோ ஆண்டுக்காண்டு நலிந்து வருகின்றது.

இக்குரல்களை இலக்க முறைக்கு மாற்றுவதற்கும், எம்மோடு வாழும் முதியவர்களின் நினைவுகளைப் பதிந்து வைப்பதற்கும் சட்டைப்பையில் அடங்கும் ஒரு பதிவுக் கருவி போதும். ஆயினும் கருவியை வாங்கியதும் நேரே சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவோரே அதிகம். அதற்கு முன்னர் ஒலி எவ்வழியாக உள்ளே வருகிறது, எந்தத் தரத்திற் பதியப்படுகிறது என்ற இரண்டையும் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் வழி. ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் வோல்ற்றின் ஆயிரத்திலொரு பங்கு என்ற அளவினது. கசெற் கருவியின் 'லைன் அவுட்' துளை தருவதோ ஏறத்தாழ வோல்ற்றின் மூன்றிலொரு பங்கு. இவ்வளவு பலமான ஒலியை 'மைக்' உள்ளீட்டிற் செலுத்தினால் உச்சங்கள் வெட்டுண்டு குரல் கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்த பதிவை எந்தக் கணினியாலும் பழையபடி ஆக்க முடியாது. மாறாக, ஒலிவாங்கியை 'லைன்' உள்ளீட்டிற் செருகினால் பேச்சு இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். சில கருவிகளில் இரண்டுக்கும் தனித்தனித் துளைகள் இருக்கும். ஒரே துளையுள்ள கருவிகளில் மைக்கா லைனா என்பதைப் பட்டியலிற் சென்று தெரிவு செய்தல் வேண்டும். லைன் எனில், ஒலிவாங்கிக்கு மின்சாரம் ஊட்டும் தெரிவையும் நிறுத்திவிட வேண்டும். லைன் அவுட் இல்லாத பழைய வோக்மனாயின் அதன் காதொலித் துளையிலிருந்தே லைன் உள்ளீட்டிற்கு இணைத்து, ஒலியளவை நடுவில் வைத்தால் வேலை நடக்கும். ஒலிபெருக்கிக்கு முன்னால் கைத்தொலைபேசியை வைத்துப் பதிவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அம்மாவின் குரலோடு உங்கள் குசினிச் சத்தமும் சேர்ந்துவிடும்.

முதியவர்களோடு நேரிற் பேசும்போது, ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் தெரிவை நிறுத்துவதே நல்லது. அது இயங்கும்போது, பேசுபவர் மௌனமாகும் இடங்களிற் கருவி தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மேலெழும். இழந்தவற்றைப் பேசும் ஒருவரின் மௌனத்திற்குப் பொருள் உண்டல்லவா? பேச்சின் உச்சம் சைபருக்குக் கீழே 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு கையால் சரிசெய்க. தாழ்ந்த இரைச்சலை வடிகட்டும் 'லோ கட்' நேர்காணலுக்கு உதவும். கசெற்றை மாற்றும்போது அது வேண்டாம்.

அடுத்தது தரம். ஒலிச் சுவடிக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கமாகிய இயாசா, பழைய ஒலிப்பதிவுகளை மாற்றுவதற்குக் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் தரத்தைப் பரிந்துரைக்கிறது. 'வேவ்' வடிவில் இத்தரத்தில் ஒரு மணி நேர ஸ்ரீரியோப் பதிவு ஏறத்தாழ 1 ஜிகாபைற் இடம் கொள்ளும். 32 ஜிகாபைற் அட்டையில் 30 மணி நேரம் பதியலாம். இறுவட்டுத் தரமான 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் எனில் மணிக்கு 635 மெகாபைற். 128 கிலோபிற் எம்.பி.3 எனில் 58 மெகாபைற் மட்டுமே. இந்தச் சிக்கனத்தில் மயங்கிவிடக் கூடாது. எம்.பி.3 கழித்து எறிந்த ஒலி திரும்பி வராது. வேவிற் பதிந்துகொண்டால், உறவினர்க்கு அனுப்ப எம்.பி.3 பிரதி எப்போதும் எடுக்கலாம். நீண்ட நேரம் பதிவதற்கென்று தரும் 'எல்.பி.' தெரிவைத் தொடவே வேண்டாம். உயர்ந்த அதிர்வெண்கள் வெட்டப்படுவதால் சகரம் முதலிய மெல்லிய உரசொலிகள் மழுங்கிப்போகும். ஊர்ப்பேச்சை அறியாமல் வளரும் பிள்ளைகளுக்கு அவை தெளிவாகக் கேட்க வேண்டும்.

கசெற்றைப் போடுமுன் அதன் பின்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக அழிபடாது. ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றியெடுங்கள். வாசிக்கும் முனையை ஐசோபுறொப்பில் மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடையுங்கள். மின்னோட்டம் போதாமல் நாடா மெதுவாக ஓடியபோது பதிவானவை, இன்று கேட்கையில் வேகமாகவும் கீச்சுக்குரலாகவும் ஒலிக்கும். அவற்றையும் உள்ளபடியே முதலில் மாற்றிக்கொண்டு, வேகத்தைக் கணினியிலே பிரதியில் மட்டும் திருத்துக. மூலப் பதிவை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள். ஊரிலுள்ளோர் பெயர்கள் வரும் பதிவுகளை இணையத்தில் ஏற்றுமுன் உரியவர்களைக் கேளுங்கள்.

கோப்பின் பெயரில் பேசுபவர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். கசெற் உறையில் மங்கிக்கொண்டிருக்கும் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருப்பாராயின், இவ்விபரங்களை அவரிடம் இந்த வார இறுதியிலேயே கேட்டெழுதிக்கொள்ளுங்கள்.