தள்ளிப்போனது எது?

கர்ப்பம் இல்லை என்று பரிசோதனை சொல்லிவிட்டது. ஆனாலும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ரத்தம் உள்ளே தேங்கி உடம்பைக் கெடுக்கிறதோ என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். பெரும்பாலும் அங்கே எதுவும் தேங்கியிருப்பதில்லை. தாமதம் சில வாரங்களுக்கு முன்பே, வேறோர் இடத்தில் தொடங்கிவிட்டது.

1920-களில் ஜப்பானின் நீகாட்டா நகரத்து மகப்பேறு மருத்துவர் கியூசாக்கு ஓகினோ, வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் சினைப்பைகளைக் கவனித்து, அவர்களுடைய மாதவிடாய்த் தேதிகளோடு ஒப்பிட்டார். முந்தைய மாதவிடாயிலிருந்து எண்ணினால் சினைமுட்டை வெளியேறும் நாள் பெரிதும் மாறியது. அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினாலோ, 12 முதல் 16 நாளுக்குள் அடங்கியது.

காரணம் இதுதான். சினைப்பைக்குள் முட்டை இருந்த சிறு முட்டைப்பையே, அது வெளியேறியதும் மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. கருப்பையின் உட்சவ்வைக் காப்பது அந்த ஹார்மோன். கரு தங்காவிட்டால் சுரப்பியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு வாரம். அது வாடியதும் சவ்வு உரிந்து ரத்தப்போக்கு தொடங்கும். இந்தப் பின்பாதி அதிகம் நீளாது. எனவே மாதவிடாய் தள்ளிப்போனால், பெரும்பாலும் முட்டை தாமதமாக வெளிவந்தது, அல்லது வரவே இல்லை என்றே பொருள்.

முட்டைக்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. பத்தே அமினோ அமிலங்களால் ஆன ஒரு ஹார்மோனை, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டுச் சுரக்கிறது. 1978-இல் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், சொந்தச் சுரப்பு நின்றுபோன ரீசஸ் குரங்குகளுக்கு இதை மணிக்கு ஒருமுறை செலுத்தியபோது, சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி உயிர்பெற்றது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது அடங்கிப்போனது. தாளம்தான் உத்தரவு.

அந்தத் தாளத்தைக் குலைப்பவை பல. பட்டினி, வேகமான எடைக்குறைவு, கடும் உடற்பயிற்சி, நீண்ட நோய், மன அழுத்தம் ஆகியவை அதை மெதுவாக்கும். கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின் குறைந்தால், கருவைச் சுமக்கப் போதிய இருப்பு இல்லை என்று மூளை முடிவெடுக்கிறது. தைராய்டு குறைபாடும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதியும் குறுக்கிடும். பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பைக் கோளாறு உள்ளவர்களிடமோ தாளம் பெரும்பாலும் வேகமெடுக்கிறது. முட்டைப்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று காட்டப்படுபவை இவையே. அவை கட்டிகளே அல்ல. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளிலும், நாற்பதுகளின் பிற்பகுதியிலும் சுழற்சி முன்பின்னாவது இயல்பு.

எப்போதாவது ஒருமுறை ஒரு வாரம் தள்ளிப்போவதற்குக் கவலை வேண்டாம். வாய்ப்பிருந்தால், ஒரு வாரம் கழித்துக் கர்ப்பப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளலாம். மூன்று மாதம் வராவிட்டாலோ, பிள்ளை பெறாதபோதும் மார்பில் பால் கசிந்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ரத்தப்போக்கை வரவழைப்பது காரணத்தைத் தீர்க்காது. பட்டினியால் மாதவிடாய் நின்றவருக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலிகிறது. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு, புரோஜெஸ்டிரான் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து சுரப்பதால், கருப்பைச் சவ்வு தடிக்கிறது. ஒருவர் கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்கும். மற்றவர் எடை குறைக்க வேண்டியிருக்கலாம். இருவரும் மருத்துவரிடம் சொல்வது என்னவோ ஒரே வாக்கியம்தான்: “நாள் தள்ளிப்போச்சு.”