கிறிஸ்துமஸ் தட்டில் முந்திரிக்கொத்து

நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸ் தட்டு என்றால் முந்திரிக்கொத்து இருந்தாக வேண்டும். பெயரில்தான் முந்திரி; உள்ளே சிறுபயறு! வாசனை வர வறுத்துப் பொடித்து, ஈரம் போக வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலம் சேர்த்து, வெல்லப்பாகு விட்டுச் சூட்டோடு உருட்டுங்கள், ஆறினால் உதிரும். மஞ்சள்தூள் கலந்த பச்சரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்துப் பொரித்தெடுங்கள்.

அடுத்த வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். "வெல்லம்தானே, ரெண்டு தின்னா என்னவாம்?" என்கிறார். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், சகோதரிகளே! அதற்காகத் தட்டே அனுப்பாமலிருக்க மனசு வருமா? அவருக்கென்று காரமாய்ப் பயறுச் சுண்டலும், சுக்கு, மல்லி, மிளகு இடித்த சுக்குக் காபிப் பொடி ஒரு பாட்டிலும் வைத்து அனுப்புகிறேன். கருப்பட்டி போடாமல் குடிக்க வேண்டும் என்று அவர் மருமகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.