இறக்கம் வாங்கும் கடன்

அரக்கோணத்திலிருந்து திருத்தணி ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போய்வந்த வீடுகளில், மறுநாள் எழுந்திருக்கிறவர் இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவார். வாசற்படி இறங்க நிலையைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், “365 படி ஏறினேனே, தொடை கட்டிக்கிச்சு” என்பார். நாளுக்கொரு படியாகக் கணக்கிட்டு, டிசம்பர் 31-இல் படித் திருவிழாவே நடக்கும் மலை அது. ஆனால் தொடையைக் கட்டியது ஏற்றம் அல்ல, இறக்கம்.

நம்புவது கடினம். ஏறும்போதுதானே மூச்சு வாங்குகிறது? இறங்கும்போது கதை பேசிக்கொண்டே வந்துவிடுகிறோம். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது மேல்படியில் ஊன்றிய கால் மெல்ல மடங்க, அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. கிணற்றில் நிறைகுடத்தை இறக்கும் கை கயிற்றை விட்டுக்கொண்டே பிடிப்பதைப் போல.

1952-இல் லண்டனில் அபாட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி என்ற உடலியல் ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர், படி இறங்கும்போதுபோல் தசை நீள நீள, பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். இருவருக்கும் ஒரே விசை, ஒரே வேகம். எதிர்த்தவருக்குச் செலவான ஆக்சிஜனோ மிகக் குறைவு. உருவத்தில் சிறிய பிக்லண்ட், மிதித்த ரிச்சியை எளிதாகக் களைக்க வைத்துவிட்டார்.

இந்தச் சிக்கனம்தான் வினை. இறங்கும்போது குறைவான தசை நார்களே வேலைக்கு வருகின்றன. சுமை முழுவதும் அந்தச் சிலவற்றின் தலையில். பழக்கமில்லாதவருக்கு அவற்றில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பழுதுபார்க்கும் வேலை சூடுபிடிக்க நேரமாவதால் வலி ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வருகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்றும் சொல்கிறார்கள். பாவம், அது மலையடி சேர்ந்த ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும்.

இந்த வலிக்குப் படுக்கை வேண்டாம். மெதுவாக நடக்கலாம், வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ தைலத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கப் பழகிவிடும். அதனால் கிருத்திகைக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டு மாடிப்படியிலோ ரயில் நிலையத்து மேம்பாலத்திலோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகலாம்.

முழங்கால் தேய்ந்தவர்கள் கணக்கு வேறு. பெர்லினில் ஐந்து பேரின் செயற்கை மூட்டுக்குள் கருவி பொருத்தி அளந்ததை 2010-இல் வெளியிட்டார்கள்: சமதளத்தில் நடக்கையில் மூட்டின் மேல் விழும் உச்ச விசை உடல் எடையைப் போல் சராசரி 2.6 மடங்கு, படி ஏறுகையில் 3.2, இறங்குகையில் 3.5. அறுபது கிலோ ஆளுக்கு இறங்கும் ஒவ்வொரு படியிலும் இருநூறு கிலோவுக்கு மேல். பிசியோதெரபிஸ்டுகள் இவர்களுக்குச் சொல்வது: கைப்பிடியை விடாதீர்கள், ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கும் கால் முதலில்.

நம் வீட்டுப் பெரியவர்கள் மலைப்பாதையில் வண்டியில் ஏறிவிட்டு, “இறங்கத்தானே, நடந்தே வந்துடறேன்” என்பார்கள். வண்டி ஒரு வழிக்குத்தான் என்றால், அதை இறங்குவதற்கு வைத்துக்கொள்வதே முழங்காலுக்கு நல்லது.