ஏலே, ஒயரைச் சுட்டியா?

குட்டீஸ், சாரல் சீசனில் தென்காசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வீடு திரும்பினால், பொசுக்கென்று கரண்ட் போய்விடும். அப்படி ஒரு ராத்திரியில்தான் எங்கள் வீட்டு டார்ச் லைட் எரிய மறுத்தது. பேட்டரி புதுசு, பல்பும் நல்ல பல்பு. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய்த் தொங்குகிறது!

அப்போது நான் எட்டாம் வகுப்பு. சால்டரிங் அயர்னை இரவல் வாங்கி, அதன் நுனியில் ஈயத்தை உருக்கி, சொட்டுச் சொட்டாக ஒயர் மேல் விட்டேன். உருண்டையாக ஒட்டிக்கொண்டது. மறுநாள் டார்ச்சை லேசாகத் தட்டியதும் உதிர்ந்துவிட்டது. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். "ஏலே, ஈயத்தைச் சுட்டே, சரி. ஒயரைச் சுட்டியா?" என்றார்.

விஷயமே அதுதான். உருகிய ஈயம், சூடான தாமிரத்தில்தான் பரவிப் பிடிக்கும். ஆறிய ஒயரில் சும்மா உட்கார்ந்திருக்கும். எனவே முதலில் ஒயரைப் பளபளவென்று சுரண்டி, இரண்டு முனைகளையும் முறுக்குங்கள். அயர்னை ஒயரின் அடியில் வைத்து, ஈயக் கம்பியை மேலிருந்து ஒயரில் தொடுங்கள். அயர்னில் அல்ல! ஒயர் போதுமான அளவு சூடானதும் ஈயம் தானாக இழைகளுக்குள் ஓடும். அயர்னை எடுத்த பிறகு, ஈயம் உறையும்வரை ஒயரை ஆட்டக் கூடாது.

அப்போது ஒரு புகை வரும். ஈயக் கம்பியின் நடுவில் இருக்கும் ரோசின் என்ற பைன் மரப் பிசினின் புகை அது. தாமிரத்தின் மேல் படிந்த ஆக்சைடைப் போக்குவது அதன் வேலை. ஆனால், அந்தப் புகையை மூக்கில் இழுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒயர் மட்டும் ஏன் உருகுவதில்லை? தாமிரம் உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 டிகிரியே போதும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டி சொல்வார் இல்லையா? ரசம் உள்ளே இருந்தால் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். காலிச் சொம்பு உருகி வழிந்துவிடும். வெள்ளீயத்தோடு காரீயத்தைச் சரியான அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகும்.

இந்தக் காரீயம் விஷம். அதனால்தான் ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருட்களில் அதைக் கட்டுப்படுத்தின. நம் கடைகளில் காரீயம் கலந்த கம்பி இன்னும் கிடைக்கிறது. முடிந்தால் காரீயம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அவ்வளவுதான் வித்தியாசம். எதுவானாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

அயர்ன் நுனியின் சூடு சுமார் 350 டிகிரி! அதனால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். சுவரில் இருக்கும் கரண்ட் ஒயர் பக்கமே போகக் கூடாது.

பழகிப் பார்க்க ஒரு பயிற்சி சொல்லட்டுமா? ஒரே நீளத்தில் 12 தாமிரக் கம்பித் துண்டுகளை வெட்டி, ஒரு கனசதுரம் செய்யுங்கள். எட்டு மூலைகளிலும் பற்ற வைக்க வேண்டும். இரண்டாவது மூலையைச் சுடும்போது முதல் மூலை கழன்று விழலாம். தாமிரம் சூட்டை அவ்வளவு வேகமாகக் கடத்தும். ஒட்டிய மூலைக்குப் பக்கத்தில் கம்பியைக் குறடால் கவ்விப் பிடித்துக்கொண்டால், சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். எனக்கு நாலாவது கனசதுரம்தான் நின்றது.