நட்சத்திரம் எண்ணிக் கார் வாங்கலாமா?

"ஃபைவ் ஸ்டார் வண்டி சார், பிரச்சினையே வராது" என்று ஷோரூமில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் நட்சத்திரங்கள், விபத்தில் உள்ளே இருப்பவர் எந்த அளவுக்குத் தப்புவார் என்பதற்கானவை. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைத் தடுப்பில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மூன்றாம் வருடம் கியர்பாக்ஸ் மக்கர் செய்யுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பழுதுகளை எண்ணும் தரவரிசைகள் தனி. அவற்றில் புகழ்பெற்ற இரண்டும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஜே.டி.பவரின் ஆரம்பத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாட்களில் உரிமையாளர்கள் சொன்ன குறைகளை 100 கார்களுக்கு இத்தனை என்று கணக்கிடும். இன்ஜின் நின்றுபோனாலும் ஒரு குறை, தொடுதிரை பிடிபடாமல் எரிச்சல் வந்தாலும் ஒரு குறை. 2011இல் ஃபோர்டு 5ஆம் இடத்திலிருந்து 23ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதில் தொடுதிரை மீதான அதிருப்திக்குப் பெரிய பங்கு உண்டு. முதலிடம் பிடித்த கம்பெனி அந்த விருதை விளம்பரத்தில் போட, ஆய்வு நிறுவனத்துக்கே கட்டணம் கட்டுகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவதான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரம் வாங்குவதில்லை; சோதிக்கும் கார்களைக் காசு கொடுத்தே வாங்குகிறது. நேர்மையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2015இல் டெஸ்லா மாடல் எஸ் காரின் ஒரு வகைக்கு ஓட்டச் சோதனையில் 100க்கு 103 மதிப்பெண் வந்து, அளவுகோலையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பழுதுகள் பற்றிய கருத்தாய்வுக்குச் சுமார் 1,400 உரிமையாளர்களிடமிருந்து பதில்கள் வந்ததும், அவற்றைக் காரணம் காட்டி அந்தக் காருக்கான பரிந்துரையையே விலக்கிக்கொண்டது. புது மாடலுக்கோ பழைய வரலாறே கிடையாது; கம்பெனியின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். டொயோட்டாவின் புது மாடல்களை அப்படித் தானாகவே பரிந்துரைத்துவந்தவர்கள், சில மாடல்கள் சறுக்கியதும் 2007இல் நிறுத்தினார்கள்.

ஆக, பட்டியலின் அடியில் வருடக்கணக்காகக் கிடக்கும் மாடலைத் தவிர்க்க இந்தத் தரவரிசை உதவும். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்குள் தேர்வு செய்ய உதவாது. உதாரணத்துக்கு, 100 கார்களுக்கு 180 குறை, 190 குறை என்றால், ஒரு காருக்கு 1.8, 1.9. இதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுப்பானேன்? அமெரிக்கப் பட்டியலை நம்மூர் மாடலுக்குப் பொருத்துவது இன்னும் மோசம்: இன்ஜின் வேறு, சாலை வேறு, சர்வீஸ் வேறு.

தரத்தைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கிய கார் குறையுள்ளதாக இருந்து, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

புதுக் காரே கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2006இல் மாருதி தொடர்பான ஒரு வழக்கில், வாரண்டி விதிப்படி கம்பெனியின் பொறுப்பு பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான் என்றது உச்ச நீதிமன்றம். உற்பத்திக் குறை என்று நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். அங்கே தரவரிசை எடுபடாது. சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டு எடுபடும். ஒரே பழுது எத்தனை முறை வந்தது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பாதுகாப்பைப் பாதிக்கும் குறை என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2021 ஏப்ரல் முதல், 7 ஆண்டுக்குட்பட்ட வண்டிகளின் மீது அரசின் வாகன் இணையதளத்தில் போதுமான புகார்கள் சேர்ந்தால், அந்த மாடலைத் திரும்பப் பெறும்படி அரசு கம்பெனிக்கு உத்தரவிட முடியும்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, "ஜெனரல் செக்கப்" என்று எழுதவிடாமல், உங்கள் புகாரை நீங்கள் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.